ஆறு மணிக்குக் கீழே இரண்டு எழுத்து

செஞ்சி
4.11.2024

நிலோபருக்கு,

பதினோரு வருடமும் எட்டு மாதமும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனியும் அப்படியே இருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, பொய்க்குத் துணை போவது. அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் வேலை பார்க்கும் விநாயகம் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். நீ அந்தக் கைக்கடிகாரத்தைச் சென்னைக்கு எடுத்துப் போய், பழைய சுவிஸ் கடிகாரங்களைச் சோதித்துச் சான்று தருகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறாயாம். அசல்தான், இன்ன வருடத்தில் செய்தது என்று எழுதி வாங்கப் போகிறாயாம். "இன்னா சார், உங்க நைனா வாட்சுக்கு இப்பப் போய் ஜாதகம் எழுதறாங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கொடுத்திருப்பது அத்தாவின் கடிகாரம் இல்லை. மஸ்கட்டில் ஒரு டாக்டருக்கு ஆறு வருடம் கார் ஓட்டிவிட்டு 1986இல் அத்தா ஊர் திரும்பியபோது, அந்த டாக்டர் தன் கையிலிருந்து கழற்றி அத்தாவின் கையில் கட்டிவிட்டதுதான் அத்தாவின் கடிகாரம். அதை இருபத்தேழு வருடம் பார்த்தவன் நான். மணிகளைக் காட்டும் புள்ளிகள் வெள்ளை போய், பழுத்து, நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தன. இருட்டில் அவை ஒளிராது. ஆறு மணிப் புள்ளிக்குக் கீழே சுவிஸ் தயாரிப்பு என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஆங்கில 'டி'. ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசிய முகப்பு என்பதற்கு அடையாளம். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன் கண்ணுக்கு அந்த எழுத்துத் தப்பாது.

அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் நீ என் கையில் கொடுத்த கடிகாரத்தில் புள்ளிகள் பால் வெள்ளை. உள்ளங்கையைக் குவித்து மூடிப் பார்த்தேன், பச்சையாக ஒளிர்ந்தது. அந்த இரண்டு எழுத்தும் இல்லை. உயிர் பிரிந்ததும் அத்தாவின் கையிலிருந்து அதைக் கழற்றியவள் நீ. நாற்பது நாள் அது உன் வீட்டில் இருந்தது. உன் கணவர் சாஹில் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்?

விற்பதானால் விற்றுக்கொள். அத்தா பெயரைப் போட்டு, சாந்த் பாஷாவின் கடிகாரம் என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதி வாங்காதே.

சா. அக்மல் பாஷா, எம்.எஸ்ஸி., பி.எட்.

*

ஆரணி
12.11.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனம் மாறி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிரிக்கும் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன்.

உங்கள் நம்பருக்கு என் போன் போகாது, நீங்கள்தான் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் நானும் பேப்பரிலேயே எழுதுகிறேன். விற்பதற்காக நான் சோதிக்கக் கொடுக்கவில்லை. உங்கள் மருமகனுக்கு, என் பையனுக்கு, ஜனவரி இருபத்தாறாம் தேதி நிக்காஹ் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பெண் செஞ்சிதான். பெண்ணின் அத்தா நல்ல மனிதர். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது சொன்னார். "நான் எதையும் நம்பலம்மா. ஆனா ஊர்ல ஒரு பேச்சு இருக்குது. திருட்டுக் கைன்னு உங்க வீட்டுக்காரரச் சொல்றாங்க. பழியப் போட்டது உங்க அண்ணன். அவரே எடுத்துட்டாருன்னா எங்க வீட்டு ஆளுங்களுக்கு டென்சன் இருக்காது." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகளைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார்.

உங்களிடம் வந்து கெஞ்சினால் கேட்க மாட்டீர்கள். கடிகாரமே பேசட்டும் என்றுதான் சென்னைக்குப் போனேன்.

அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஜமாத்து ஆட்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "கட வச்சிருக்கறவனுக்கு ஒரு வாட்ச மாத்தறது பெரிய வேலையா" என்றீர்கள். கடிகாரத்தை என் மடியில் போட்டீர்கள். என் வீட்டுக்காரர் முதல் வாய்ச் சோற்றை எடுத்திருந்தார். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினார். அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள், "பாய், எதிர்லயே தொறந்து எதிர்லயே மூடு" என்றார்கள். ஆறு மாதத்தில் கடையை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டோம்.

நான் அவரிடம் எத்தனையோ முறை கேட்டேன். "மாமாவுக்கு ஒரு வார்த்த குடுத்திருக்கேன் நிலோ, அதக் கேக்காத" என்பார். அவ்வளவுதான் அண்ணே. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நாள் நானும் சந்தேகப்பட்டேன். அவர் தொழப் போயிருந்த நேரம் கடைப் பெட்டியைத் திறந்து தேடினேன். எங்கேயாவது அத்தாவின் கடிகாரம் இருக்குமோ என்று. வாசலில் அவர் வந்து நின்றதைத் தாமதமாகத்தான் பார்த்தேன். திரும்பிப் போய், கொஞ்ச நேரம் கழித்துச் செருமிக்கொண்டே உள்ளே வந்தார்.

2021இல் அவர் மௌத்தானபோது அடக்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வரவில்லை.

தங்கை
நிலோபர்

*

செஞ்சி
20.11.2024

நிலோபருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உணர்ச்சிக்கும் சாட்சியத்துக்கும் வித்தியாசம் உண்டு. 'வார்த்தை கொடுத்தேன்' என்று இறந்தவர் பெயரில் யாரும் சொல்லிக்கொள்ளலாம். மாமாவும் இல்லை, மருமகனும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

அது என்ன வார்த்தை, பெற்ற மகனுக்குத் தெரியாமல்? ஆனால் அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. அத்தாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், "சாஹிலக் கூப்புடு" என்பார். பக்கத்து அறையில் நான் இருப்பேன். ரேஷன் கடைக்கு, பாங்கிக்கு, சிங்கவரத்தில் யாரையாவது பார்க்க என்று எதற்கும் சாஹில். படித்த மகன் விடைத்தாள் திருத்துகிறான், அவனைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். நான் எப்போது தொந்தரவு என்று சொன்னேன்?

2021இல் நான் வராததற்குக் காரணம் அப்போது ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. அது ஊருக்கே தெரியும்.

என் மகள் இர்பானா உன் கடிதத்தை என் மேசையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, நன்னாவின் கடிகாரம் பச்சையாக எரியும், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறாள். பகலில் சாப்பிட்ட பிறகு அத்தா பக்கத்தில் படுத்து, போர்வையைத் தலை வரை இழுத்துவிட்டுக்கொண்டு அதைப் பார்ப்பாளாம். நன்னா கையில் மின்மினி என்று பெயர் வைத்திருந்தாளாம். அப்போது அவளுக்கு நான்கு வயது. அந்த வயது ஞாபகத்தை எந்த சபையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அத்தாவின் கடிகாரம் ஒளிராது என்பது அறிவியல். பூசி முப்பது வருடம் ஆன ட்ரிட்டியத்தில் ஒளி தர ஒன்றும் மிச்சம் இருக்காது.

உன் சென்னைக்காரர் என்ன எழுதினாலும் அனுப்பு. படிக்கத் தெரிந்தவனிடம்தான் அனுப்புகிறாய் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

சா. அக்மல் பாஷா

*

ஆரணி
16.12.2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன இரண்டு கடிதத்திலும் நீங்கள் எனக்கு சலாம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மழை வெள்ளத்தில் சென்னைக்குப் போக முடியவில்லை, அதனால் தாமதம். செஞ்சியிலும் தண்ணீர் ஏறியது என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குள் வராமல் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சோதித்தவர் பெயர் தேவேந்திரன். என்னை எதிரிலேயே உட்கார வைத்து, பின்மூடியைத் திருகித் திறந்தார். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வார் மாட்டும் இரண்டு கொம்புக்கு நடுவில் ஒரு நம்பர் இருக்கிறது, உள்ளே மெஷினில் ஒரு நம்பர் இருக்கிறது. இரண்டையும் தன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் 1983இல் செய்தவை. "டூப்ளிகேட்டா?" என்று கேட்டேன். "யாரும்மா சொன்னது? கூடும் மெஷினும் கூடப் பிறந்தது. உடம்புக்கு நாப்பத்தோரு வயசு. மொகத்துக்கு மட்டும் பன்னண்டு வயசு" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். பழைய முகப்பில் பூசியிருந்த மருந்தை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லையாம். கம்பெனி சர்வீசுக்குக் கொடுத்துக் கேட்டால் பழைய முகப்பையும் முள்ளையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டுத் தருவார்களாம், பழையதைத் திருப்பித் தர மாட்டார்களாம். புதியதில் அந்த இரண்டு எழுத்தும் இருக்காதாம்.

கடிகாரத்தைத் திறக்கிற ஒவ்வொரு ரிப்பேர்காரரும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் குறியையும் தேதியையும் கீறி வைப்பது வழக்கமாம். என்னிடமே லென்ஸைக் கொடுத்துக் காட்டினார். இரண்டு கீறல் இருந்தது. ஒன்று 1985, மஸ்கட். இன்னொன்று சென்னையில் கம்பெனி சர்வீஸ் செய்கிற இடத்தின் குறி. அங்கே கேட்டு, பழைய பதிவுச் சீட்டின் நகலை வாங்கிக் கொடுத்தார். அதன் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன்.

சீட்டில் அத்தா கையெழுத்து இருக்கிறது அண்ணே. சாந்த் பாஷா என்று தமிழில், கடைசி எழுத்தைக் கீழே இழுத்துவிட்டிருப்பாரே, அதே மாதிரி. கூட வந்தவர் மருமகன் என்று போட்டிருக்கிறது. என்ன குறை என்கிற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை என் பையன் படித்துச் சொன்னான். 'கடிகாரம் நன்றாக ஓடுகிறது. புள்ளிகளில் விஷம் இருப்பதாகச் சொல்கிறார். பேத்தி அந்தக் கையில்தான் தலை வைத்துத் தூங்குகிறாள். விஷம் இல்லாததாக மாற்றித் தரும்படி கேட்கிறார்.'

அப்போது அத்தாவுக்கு ஒரே பேத்தி இர்பானாதான்.

விஷம் என்று அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ஜமாத்துக்கு ஒரு நாலு வரியும் எழுதித் தாருங்கள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை
நிலோபர்

*

செஞ்சி
28.12.2024

நிலோபருக்கு,

கிடைத்தது. ஜெராக்ஸில் தேதி மங்கலாக இருக்கிறது. மாதம் பத்தா, பன்னிரண்டா? தெளிவாக எழுது.

அ. பாஷா

*

ஆரணி
3.1.2025

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 9.10.2012. செவ்வாய்க்கிழமை. கடிகாரம் திரும்ப வாங்கியது 30ஆம் தேதி.

பெண் வீட்டில் இந்த வாரம் பதில் கேட்டிருக்கிறார்கள்.

நிலோபர்

*

செஞ்சி
11.1.2025

நிலோபர்,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் எல்லாக் கடிதத்துக்கும் சேர்த்து.

தேதி மங்கலாக இல்லை. நன்றாகவே தெரிந்தது. எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது, அதற்காகக் கேட்டேன்.

விஷம் என்று சொன்னவன் நான்.

2012 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலாண்டு விடைத்தாள் கட்டு மேசையில் இருந்தது. அத்தா பாயில் படுத்திருந்தார். இடது கையில் தலை வைத்து இர்பானா தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அத்தா கேட்டார். அதற்கு முன்பும் கேட்டிருக்கிறார், நான் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு எரிச்சலில் இருந்தேன். "அது ரேடியேசன் அத்தா. வெசத்தக் கைல கட்டினு இருக்கீங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அத்தா குழந்தையின் தலையைப் பார்த்தது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. நான் நிமிரவில்லை.

மீதியை நான் சொல்லவில்லை. அந்தக் கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. கண்ணாடியைத் தாண்டாது. இத்தனை வருடத்தில் அதன் வீரியமும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம் அது. எழுபது பிள்ளைகளுக்குச் சொல்வேன். அத்தாவுக்குச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கேட்டால் நான் சிரிப்பேன். மாப்பிள்ளையிடம் அவர் என்ன வார்த்தை வாங்கியிருப்பார் என்பதும் தெரியும். 'வாத்தியாருக்குத் தெரிய வேணாம்பா, சிரிப்பான்.' சிரித்திருப்பேன் நிலோபர். வகுப்பிலும் ஒரு கதையாகச் சொல்லியிருப்பேன். அத்தா என்னிடம் பயந்திருக்கிறார். சாஹிலைக் கூப்பிடு, சாஹிலைக் கூப்பிடு என்று அவர் சொன்னபோதெல்லாம் மாப்பிள்ளை என்னிடமிருந்து எதையோ பறிப்பதாக நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் விழுப்புரத்தில் கண் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வரும்போது அத்தா களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கையில் சொட்டு மருந்துகூட இல்லை. "கண்ணுக்கு இன்னா சொன்னாங்க" என்று கேட்டேன். "நல்லாத் தெரியுதாம்" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினார். அந்த மூச்சை வைத்துக்கொண்டு அத்தா சென்னை வரை பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்.

இர்பானாவைக் கூப்பிட்டு மறுபடி கேட்டேன், இந்த முறை கேட்க வேண்டிய முறையில். கொஞ்ச நாள் நன்னா தன்னை இடது கையில் படுக்க விடவில்லை என்றாள். "இந்தக் கை வேணாம் கண்ணு, அந்தக் கைக்கு வா" என்பாராம். அப்புறம் ஒரு நாள் அவராகவே இடது கையை நீட்டினாராம். அன்றைக்குத்தான் போர்வைக்குள் மின்மினியைப் பார்த்தாளாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் புது முகப்பு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. எனக்குச் சோறு நகர்த்தி வைத்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. இருபத்தேழு வருடம் பார்த்தவன் என்று உனக்கு எழுதினேன். அது பொய். கடைசி நான்கு மாதம் நான் அத்தாவின் கையைப் பார்க்கவே இல்லை. நாற்பதாம் நாள்தான் பார்த்தேன். பார்த்த உடனே அது வேறு கடிகாரம் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்று. 2021இல் பஸ் ஓடவில்லை என்பது உண்மை. என்னிடம் வண்டி இருந்தது. பெட்ரோலும் இருந்தது. ஆரணிக்குப் பாதி வழி வரைக்கும் வந்தேன். அங்கே ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, அவன் செய்த தவறுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதை உனக்கு எழுதுவதால் எதுவும் சரியாகாது. ஆனாலும் நீ பெட்டியைத் திறந்து தேடியதை எனக்கு எழுதினாயே. அந்தச் சந்தேகத்தையும் உன் கையில் கொடுத்தவன் நான்தான்.

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். மாப்பிள்ளை பெயர், தேதி, சீட்டு, நான் சொன்ன விஷம், எல்லாம். பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "எந்த வாட்சு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அன்றைக்கு என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் இப்போது கபர்ஸ்தானில் இருக்கிறார்கள். இருக்கிறவர்களில் சிலருக்குத் திருட்டுக் கை என்ற பேச்சு ஞாபகம் இருக்கிறது, அது எந்தத் திருட்டு என்பது ஞாபகம் இல்லை. மறக்காமல் வைத்துப் பாதுகாத்தவன் நான் ஒருவன்தான். பெண்ணின் அத்தா கடைசி வரிசையில் இருந்தார். வாசித்து முடித்ததும் வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போதும் சார்" என்றார். நிக்காஹ் பற்றி உனக்கே போன் செய்வதாகச் சொன்னார்.

அந்தத் தாளின் நகல் இத்துடன் இருக்கிறது. அதில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டத்தைப் போடவில்லை.

கடிகாரத்தை உன் மகன் கையில் கட்டு. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. இர்பானாவை மட்டும் அனுப்புகிறேன். போர்வைக்குள் வைத்து ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறாள். பதினாறு வயதுப் பெண் கேட்கிற விஷயமா இது என்று கேட்டேன். சிரிக்காமல்தான் கேட்டேன்.

இந்தக் கடிதத்தின் அடியில் என்ன போடுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பெயரைப் போட்டால் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. நீ ஒவ்வொரு கடிதத்தையும் 'அண்ணனுக்கு' என்றுதான் ஆரம்பித்தாய், தேதியை மட்டும் எழுதி அனுப்பிய அந்த நாலு வரியைக்கூட. அந்தச் சொல்லை ஒரு தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். மாப்பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன சோறுதான் கண்ணில் நின்றது. அந்தச் சொல்லை நானாக எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்று சனிக்கிழமை, தபால் ஆபீசை சீக்கிரம் மூடிவிடுவார்கள். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.